போர்ஷே தொழிற்சாலையில் உருவான அவுடி

1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் வங்குரோத்து நிலையை நெருங்கியிருந்தது. அமெரிக்காவில் விற்பனை சரிந்ததால், ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள அதன் தொழிலாளருக்குப் போதிய வேலையில்லை. முதலில் மெர்சிடிஸ் 500ஈ காரைப் பொருத்தும் பணி கைகொடுத்தது. அடுத்து 1994 இல் வந்தது அவுடி ஆர்.எஸ்.2.

அது ஒரு ஸ்ரேசன் வாகன். பிள்ளைகளையும் பயணப் பொதிகளையும், வேண்டுமானால் நாயையும் ஏற்றவென அமைந்த வண்டி! அதற்குள் ஐந்து சிலிண்டர்களும் ரேர்போவும் கொண்ட 2.2 லீற்றர் இயந்திரத்தை வைத்து 315 குதிரைவலுவைப் பெற்றனர். வலு நான்கு சில்லுகளுக்கும் சென்றது. பிரேக், சில்லு, பக்கக் கண்ணாடி யாவும் போர்ஷேயின் கைவண்ணம்.

இதே காலத்துப் போட்டியாளர், 1992 இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 ரூறிங். அளவிற் பெரியது, 3.8 லீற்றர், ஆறு சிலிண்டர், 340 குதிரைவலு, பின்சில்லு இயக்கம். ரேர்போவின் துணையின்றியே இவ்வளவு வலுவைத் தந்த அந்த இயந்திரமே மேலானது என்பேன். ஆயினும் நனைந்த வீதியில் அவுடிக்கே அனுகூலம். சந்தையும் அதன் பக்கமே சாய்ந்தது: 1995 வரை எம்5 ரூறிங் 891 மட்டுமே உற்பத்தியாக, ஆர்.எஸ்.2 ஏறத்தாழ 2,900 வெளிவந்தது.

விளைவு நீண்டது. அவுடி ஆர்.எஸ்.4, ஆர்.எஸ்.6 எனத் தொடர்ந்தது. பி.எம்.டபிள்யூவோ 2007 இல் பத்து சிலிண்டர் எம்5 ரூறிங்குடன் மீண்டு வந்து, 2010 இல் மறுபடி ஒதுங்கி, 2024 இலேயே திரும்பியது. போர்ஷேயை மீட்டது 1996 இன் பொக்ஸ்ரர் என்பர். அதுவரை அத்தொழிலாளருக்கு வேலை கொடுத்தவற்றுள் இந்தக் குடும்ப வண்டியும் ஒன்று.