தெர்மோஸ்டாட்டைக் கழட்டினால் பெட்ரோல் செலவு கூடுமா? கார் ஓட்டுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"நம்மூரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குங்க? கழட்டிடலாம்." காந்திபுரம் டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால், சில மெக்கானிக்குகள் சொல்லும் யோசனை இது. இது சரிதானா?

தெர்மோஸ்டாட் என்ன செய்யுது?

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு இது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் சூடு வந்ததும், உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து வால்வு திறக்கும். அப்புறம்தான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும்.

பெட்ரோல் எப்படி கூடுது?

இன்ஜெக்‌ஷன் கார்களில், கூலன்ட் சென்சார் காட்டும் சூட்டையும் பார்த்துத்தான் இசியூ பெட்ரோல் அளவை முடிவு செய்யும். சூடான இன்ஜினுக்கு 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று போதும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், இசியூ கூடுதலாக பெட்ரோல் விடும். பழைய கார்களில் சோக் இழுத்தோமே, அதே வேலைதான்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட் முதல் நிமிஷத்தில் இருந்தே ரேடியேட்டருக்குப் போகும். இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் ஆகும். அதுவரை கூடுதல் பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும். ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, சூடான இன்ஜின்கூட மறுபடி ஆறிடலாம்.

நஷ்டம் மைலேஜ் மட்டும் இல்லை. எரியாத பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். செக் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0128 என்ற கோடு வரலாம்.

குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா?

88 டிகிரிக்குப் பதில் 82 போட்டால் வால்வு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். முழுசாகத் திறந்த பிறகு சூட்டைக் குறைப்பது ரேடியேட்டரும் ஃபேனும்தான். அதனால் ஓவர் ஹீட் பிரச்சினை இதில் தீராது.

அப்போ என்ன செய்யணும்?

கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்க. போர் தண்ணி ஊற்றியிருந்தால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டாலும் இன்ஜின் சூடாகும். சந்தேகம் இருந்தால், கழட்டிய தெர்மோஸ்டாட்டை தண்ணீரில் போட்டு கொதிக்க வைத்துப் பார்க்கலாம். திறக்கவில்லை என்றால் அது போயிடுச்சு. கம்பெனி சொல்லும் அதே டிகிரியில் புதுசு மாட்டுங்க, வெறுமனே விடாதீங்க.