இரண்டு சாட்சியங்கள்

பல ஆண்டுகளாக என் வகுப்பில் நயிராவின் கதையைச் சொல்லிவந்தேன். 1990 அக்டோபர் 10 அன்று, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் கூட்டத்தில் 15 வயது குவைத் சிறுமி அழுதபடி பேசினாள். ஈராக் படையினர் மருத்துவமனைக்குள் நுழைந்து, இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை எடுத்துத் தரையில் சாகவிட்டதைப் பார்த்ததாகச் சொன்னாள். ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அதைப் பேச்சுக்குப் பேச்சு எடுத்துச் சொன்னார். 1991 ஜனவரியில் போர் தொடங்கியது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992இல்தான் வெளிவந்தது. ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் அவளைத் தயார்ப்படுத்தியிருந்தது. அவள் சொன்ன சம்பவத்துக்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

பெண்ணின் கண்ணீரைக் காட்டியும் போரை விற்பார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன்.

2022 மார்ச் 9 அன்று உக்ரைனின் மரியுபோல் நகரில் மகப்பேறு மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. முகத்தில் ரத்தத்தோடு, புள்ளி போட்ட இரவு உடையில் படியிறங்கும் நிறைமாதப் பெண். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்படும் இன்னொரு கர்ப்பிணி. மறுநாள் பிரிட்டனில் உள்ள ரஷ்யத் தூதரகம் ட்விட்டரில் எழுதியது: எல்லாம் நடிப்பு, ஒப்பனை. படியிறங்கிய பெண் இன்ஸ்டாகிராமில் அழகுப் பொருட்கள் பற்றிப் பதிவிடுபவர். அந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் பொய் கட்டப்பட்டது. இரண்டு கர்ப்பிணிகளாகவும் அவரே நடித்தார் என்று பரப்பினார்கள். அவருடைய கணக்கில் வசையும் மிரட்டலும் குவிந்தன.

கைபேசியில் அதைப் படித்தபோது ஒரு கணம் நானும் 'இருக்குமோ?' என்று நினைத்தேன். நயிராதான் நினைவுக்கு வந்தாள். நான் கற்பித்த பாடம் என்னையே பொய்யின் பக்கம் தள்ளிவிட்டிருந்தது.

அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் எம்ஸ்டிஸ்லாவ் செர்னோவும் எவ்ஹெனி மலோலெட்காவும் அப்போது மரியுபோலில்தான் இருந்தார்கள். படம் எடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. முற்றுகைக்குள் அந்தப் பெண்களைத் தேடிப் போனார்கள். மார்ச் 11 அன்று வேறொரு மருத்துவமனையில், பிறந்த மகளோடு அவரைக் கண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவரும் அவர் வயிற்றுக் குழந்தையும் இறந்துவிட்டதை, சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்டு எழுதினார்கள். தூதரகத்தின் பதிவுகளை ட்விட்டர் நீக்கியது. அது போர்க்குற்றம் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பின் நிபுணர்கள் ஏப்ரலில் அறிக்கை அளித்தார்கள். ஆனால் ஒருவர் பிள்ளை பெற்ற கையோடு 'நடிகை' என்ற பட்டத்தைச் சுமந்தார். இன்னொருவரின் சாவே இல்லையென்று ஆக்கப்பட்டது.

பெண் சொன்னால் நம்பு என்கிறோம். எதையும் சரிபார் என்றும் சொல்கிறோம். இரண்டும் மோதுவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். நயிராவின் முழுப்பெயரை மறைத்தார்கள். சத்தியப்பிரமாணம் தேவைப்படாத கூட்டத்தில் பேசவைத்தார்கள். யாரும் விசாரித்துவிடக் கூடாது என்பதே அங்கே ஏற்பாடு. மரியுபோலில் விசாரித்ததால்தான் அந்தப் பெண்ணின் சொல் நின்றது. தேடிப் போகாமல் 'இருக்குமோ?' என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்பும் சந்தேகம், அவதூறுக்குக் கைகொடுக்கிறது.

இப்போது வகுப்பில் இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். யார் படம் எடுத்தார்கள், எங்கே, வேறு யார் பார்த்தார்கள், இந்தப் பெண்ணை நம்பாமல்போனால் யாருக்கு லாபம் என்று மாணவிகள் கேட்கிறார்கள். நம்பினால் யாருக்கு லாபம் என்றும் கேட்கிறார்கள்.