அம்மம்மாவின் கையால் வந்த காசு

எனக்குக் கம்பஸ் கிடைத்தபோது கனடா மாமா என்ர வங்கிக் கணக்குக்கே காசு அனுப்பினார். போனில் வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் "வடிவாப் படி" என்று இரண்டு சொல். அம்மம்மாவிடம் சொன்னேன். சந்தோசப்பட்டா. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டா, "அவன் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருசத்துக்கு மேலான கதை இருக்கு.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை. அவர்கள் அனுப்பிய காசில் இங்கே கல்வீடுகள் எழும்பின, சகோதரிகளுக்குச் சீதனம் சேர்ந்தது. தெற்கில் வேலை பார்த்தவர்களும் அனுப்பினார்கள். 'மணியோடர் பொருளாதாரம்' என்ற பெயர் யாழ்ப்பாணத்துக்கு அப்படித்தான் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் மலாயாக் காசு நின்றுபோனது.

1983க்குப் பிறகு புலம்பெயர்ந்தவர்களின் வழி உண்டியல். அங்கே ஒருவரிடம் டொலரைக் கட்டினால், இங்கே அவரின் ஆள் ரூபாயாகக் கொண்டுவந்து தருவார். இரண்டு பக்கமும் பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். 2020இல் வங்கிகள் வழியாக சுமார் 7.1 பில்லியன் டொலர் வந்த நாட்டுக்கு 2022இல் 3.8 பில்லியன் அளவில்தான் வந்தது. உண்டியலில் கூடுதல் ரூபாய் கிடைத்தது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

தபால்காரரோ உண்டியல்காரரோ, காசு ஒரு வீட்டுப் படலைக்குத்தான் வரும். அங்கிருந்துதான் பிரியும். எங்கட வீட்டில் பிரிப்பது அம்மம்மா. ஆருக்கு ரியூசன் காசு, ஆருக்குத் தோடு, கோயிலுக்கு எவ்வளவு எல்லாம் அவவின் கணக்கு. மாமாவின் காசு எங்களிடம் வரும்போது அம்மம்மாவின் காசாகவும் ஆகியிருக்கும். நன்றி இரண்டு பேருக்கும் போகும்.

ஆனால் அந்தக் கை எல்லாருக்கும் நீளவில்லை. விரும்பிக் கட்டின சின்னம்மாவுக்குக் கன வருசம் ஒரு சதமும் போகேல்லை. இப்ப மாமா அவவுக்கும் நேரே அனுப்புகிறார். அம்மம்மா இழந்தது மரியாதை மட்டுமில்லை, 'இல்லை' என்று சொல்லும் அதிகாரமும்தான். அதனால் எனக்கு முழுசாக் கவலைப்படவும் முடியேல்லை.

உங்கட வீட்டில காசு பிரிச்சது ஆர்? ஆருக்குப் போகேல்லை? மூத்தவை இருக்கேக்கையே கேட்டு எழுதி வையுங்கோ. வங்கிக் கணக்குத்தாளில் அது இருக்காது.