மாத்துச் சேலை

போன வருசம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கல்லூரித் தோழி ஒருத்தி என் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க ஒரு வாசனை. பூவா பழமா என்று பிடிபடவில்லை. மடித்த துணிகளுக்கு நடுவே கைக்குட்டை அளவில் மெல்லிய வெள்ளைத் தாள்கள் கிடந்தன.

“இதென்னடி?”

“டிரையர் ஷீட். அங்க யாரு வெயில்ல காயப்போடறா? எல்லாம் மிஷின்தான். இத ஒண்ணு கூடப் போட்டா துணி மெத்துனு வரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது.”

என் வீட்டு வாஷிங் மிஷின் மேலும் கம்ஃபர்ட் பாட்டில் ஒன்று நிற்கிறது. கடைசி அலசலில் ஒரு மூடி ஊற்றுகிறேன். எதற்கு ஊற்றுகிறோம் என்று யோசித்ததில்லை. அன்றிரவு அந்தத் தாளை முகர்ந்து பார்த்தபோது நினைவுக்கு வந்தது வாசனையே இல்லாத ஒரு சேலை. அதைச் சொல்வதற்கு முன் இந்தப் பாட்டிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இது வீட்டுக்கென்று பிறந்த சரக்கல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு ஆலைகளில் சாயமேற்றிய பருத்தி விறைத்துப் போனது. அதைத் தணிக்கச் சோப்புத் தண்ணீரில் எண்ணெயும் மாட்டுக்கொழுப்பும் கலக்கித் துணியை நனைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சலவைத்தூள் வீடு வீடாக நுழைந்தது. அழுக்கோடு நூலில் இருந்த கொஞ்சநஞ்சப் பசையும் போக, துணி சொரசொரத்தது. ஆலைச் சரக்கு பாட்டிலுக்குள் புகுந்து கடைக்கு வந்தது. தூளை விற்ற கம்பெனிகளே பாட்டிலையும் விற்றன. சொரசொரப்புக்கு ஒரு காசு, மெத்தென்று ஆக்க இன்னொரு காசு! அலசும் நேரம் பார்த்து ஓடிப்போய் ஊற்றுகிற தொல்லையைத் தீர்க்க, 1960களின் இறுதியில் கான்ராட் கெய்சர் என்ற அமெரிக்கர் அதே சரக்கைத் தாளில் தடவிக் காயவைக்கும் மிஷினுக்குள் போடும் வழியைக் கண்டார். சூட்டில் தாளின் பூச்சு இளகித் துணியெங்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவது என்ன? நேர்மின் தன்மையும் கொழுப்பு வாலும் கொண்ட வேதிப்பொருள். பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின் தன்மை கொள்வதால் அதைப் பிடித்துக்கொள்கிறது, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவி ‘ஆகா’ என்கிறோமே, நாம் தொடுவது நூலையல்ல, நூல்மேல் படிந்த கொழுப்பை. துண்டு ஈரத்தைச் சரியாக உறிஞ்சாமல் போவதும், தீப்பிடிக்காதபடி பக்குவம் செய்த குழந்தைகளின் இரவு உடையில் இதை ஊற்றாதே என்று எச்சரிப்பதும் இதனால்தான். மேலைநாடுகளில் 1990களின் தொடக்கம் வரை இந்த வால் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பிலிருந்தே வந்தது. மாட்டுக்கறி தின்கிறவர்கள் என்று எங்களை ஒதுக்கிவைத்தவர்களின் பிள்ளைகள் அங்கே போய் எத்தனை வருசம் அதை உடுத்திக்கொண்டு திரிந்தார்களோ! போகட்டும்.

அந்தத் தேசத்தில் மிஷினுக்கு முன்னால் துணியை வெளுத்தது யார்? தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அவர்களுக்குக் கிடைத்த வேலை வெள்ளையர் வீட்டுச் சமையலும் சலவையும்தான். சலவையைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது: எசமானி வீட்டில் கிடக்க வேண்டாம், மூட்டையைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வெளுக்கலாம். பீர் பீப்பாயைப் பாதியாக அறுத்துத் தொட்டி, கோதுமைத் தவிட்டில் கஞ்சி, காரநீரில் காய்ச்சிய சோப்பு. 1881 ஜூலையில் அட்லாண்டா நகரில் 20 பெண்கள் கூடிச் சலவைச் சங்கம் வைத்தார்கள். 12 பவுண்டு துணிக்கு ஒரு டாலர், அதற்குக் குறைந்தால் தொடமாட்டோம் என்றார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து மூன்றே வாரத்தில் 3000 பேர். சிலரைப் பிடித்துத் தண்டம் போட்டார்கள். சங்கத்தில் சேர்ந்தவள் ஒவ்வொருத்தியும் வருசம் 25 டாலர் உரிமக்கட்டணம் கட்ட வேண்டுமென்று நகரசபையில் பேச்சு எழுந்தது. அவர்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள்: கட்டுகிறோம், ஆனால் நகரத்துச் சலவை முழுக்க எங்கள் கையில் இருக்கட்டும் என்று. கடைசியில் நகரசபைதான் பின்வாங்கியது.

அந்த வழியில் வந்த ஒசியோலா மெக்கார்ட்டியை நான் மறப்பதில்லை. மிசிசிப்பிக்காரர், 1908இல் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு வாழ்நாளெல்லாம் ஊரார் துணி வெளுத்தார். 1960களில் துவைக்கும் மிஷினும் காயவைக்கும் மிஷினும் வாங்கிப் பார்த்து, வெளுப்பு தன் கைக்கு ஈடாக இல்லையென்று விட்டுவிட்டு, மறுபடி கொதிக்கும் அண்டாவுக்கும் தேய்ப்புப் பலகைக்கும் கொடிக்கயிற்றுக்கும் திரும்பினார். 1995இல், சேர்த்த பணத்திலிருந்து 1,50,000 டாலரை ஏழை மாணவர்கள் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். 1999இல் இறந்தார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

இனி என் சேலை.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ஊர்த்தெருவில் மென்மைக்கு மதிப்பில்லை, விறைப்புக்குத்தான் மதிப்பு. ஊர் வண்ணார் உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் கொடுத்த வேட்டி நடக்கும்போது சரசரக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டே நாங்கள் ஒதுங்க வேண்டும். அவர் சேரித் துணியைத் தொடமாட்டார். எங்களுக்கு வெளுக்க எங்களுக்கும் கீழே ஒரு குடும்பத்தை வைத்திருந்தது சாதி. புதிரை வண்ணார். திருநெல்வேலிச் சீமையில் இவர்களைப் பார்த்தாலே தீட்டு, பகலில் வெளியே வரக்கூடாது, இரவில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற செய்தி 1932 டிசம்பரில் ‘தி இந்து’வில் வந்தது. அம்பேத்கரும் இவர்களைப் பற்றி எழுதினார். யாருடைய துணியை வெளுத்ததால் அந்தத் தீட்டு என்று நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம்முடைய துணியை.

நான் வயதுக்கு வந்தது 2003இல். தனியே உட்கார வைத்த அன்று வண்ணாத்தி ஒரு சேலை கொண்டுவந்தாள். மாத்து. எத்தனையோ வெள்ளாவி பார்த்து, எத்தனையோ முறை கல்லில் அடிபட்டு, நூல் நூலாய்த் தேய்ந்த பழஞ்சேலை. அப்படி ஒரு மென்மையை அதற்குப் பிறகு எந்தப் பாட்டிலும் எனக்குத் தரவில்லை. அதற்காக வெள்ளாவியைக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்த மென்மை அவள் தோள்பட்டையிலிருந்து வந்தது. குறி போடும் சேங்கொட்டைப் பால் பட்டு அவள் விரலெல்லாம் புண். என் தீட்டுத்துணியை அவள்தான் எடுத்துப் போனாள். தெருவில் பிள்ளை பிறந்தாலும் ரத்தத் துணி அவளுக்குத்தான். பொழுது சாய்ந்தால் வாசலுக்கு வெளியே நிற்பாள்.

“சாமியோவ், வண்ணாத்தி வந்திருக்கேன், ராச்சோறு போடுங்க சாமி.”

என்னைச் சாமி என்பாள். அவள் வயது என் ஆயா வயது. நான் அவளை “ஏ வண்ணாத்தி, இந்தா புடி” என்பேன். அம்மா கை படாமல் மேலே இருந்தே சோற்றைப் போடுவாள். டீக்கடையில் தனிக்குவளையென்று எங்கள் இளைஞர்கள் சண்டை போட்டு அடிபட்ட அதே தெருவில்தான் இது நடந்தது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்து ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் பாட்டைச் சொன்னபோது நம்மவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. இருக்கிற சண்டையில் நம்மை நாமே பிளக்கலாமா என்றார்கள். ரொம்ப வருசம் கழித்து எம்.ஏ. வகுப்பில் நானும் அந்தக் கட்சியில் நின்று காரசாரமாகப் பேசியிருக்கிறேன். மாத்துச் சேலை உடம்பில் பட்டவள் அப்படிப் பேசினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். 2009இல் புதிரை வண்ணாருக்கு நலவாரியம் அமைத்தபோதுகூட, அது நம் தெரு ஆள் சம்பந்தப்பட்ட விசயம் என்று எனக்கு உறைக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவிலும் மிஷின் உண்டு. அது ராச்சோறு கேட்பதில்லை. யார் ரத்தம் என்று பார்ப்பதுமில்லை. அந்த மட்டில் நல்லது. வண்ணாத்தி குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அவள் பெயர் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு போன் போட்டேன்.

“வண்ணாத்தி பேரா? அவ பேரு எதுக்குடி ஒனக்கு?”

“எழுதணும்மா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தெரியலடி. வண்ணாத்தின்னுதான கூப்புடுவோம். செத்து நாலஞ்சு வருசம் ஆவுதுன்னு சொன்னாங்க. அவ பேத்தி செங்கல்பட்டுல ஏதோ லாண்டரில வேல செய்யுதாம். அங்க எல்லாம் மிஷினுதானாம்.”