கொட்டியாரக் குடாவில் இறங்கிய பிரெஞ்சு

பாரிஸிலுள்ள மகனிடம் புறப்படவிருந்த மாங்கேணித் தாயார் ஒருவர், "அங்கே பாணுக்கு என்ன சொல்லுறது, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். "மூக்கால் கொஞ்சம் இழுத்து, பாண் என்றே சொல்லுங்கள் அம்மா, விளங்கிக்கொள்வார்கள்" என்றேன்.

வேடிக்கையன்று. நமது பாண் போர்த்துக்கேயர் தந்த சொல். அதற்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் மூலம் ஒரே இலத்தீன் சொல்தான். நாம் ஒல்லாந்தரிடம் பெற்ற 'கந்தோர்' அவர்களுக்கே பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆக, பிரெஞ்சு நம்மிடம் வந்ததெல்லாம் பிறர் வாய்வழியாகவே.

நேராக வரும் வாய்ப்பும் ஒருமுறை கிட்டியது. மாங்கேணியிலிருந்து வாகரை, கதிரவெளி, வெருகல் கடந்து வடக்கே சென்றால் கொட்டியாரக் குடா. 1672இல் தளபதி டி லா ஹேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் அங்கு நங்கூரமிட்டன. ஒல்லாந்தரை விரட்ட ஒரு துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை வரவேற்றான். ஆனால் ஒல்லாந்தக் கடற்படை சூழ்ந்துகொள்ள, உணவுத் தட்டுப்பாட்டோடும் நோயோடும் சில மாதங்களிலேயே பிரெஞ்சுக்காரர் சோழமண்டலக் கரைக்குப் போய்விட்டனர். விட்டுச் சென்ற சிறு காவற்படை ஒல்லாந்தரிடம் சிக்கியது. 1674இல் புதுச்சேரி அவர்களுக்கு வாய்த்தது. அங்கே பிரெஞ்சு வேரூன்றியது. 1782இல் சஃப்ரேன் திருகோணமலையைக் கைப்பற்றியதும் நிலைக்கவில்லை. சமாதானத்தின் பின் அது ஒல்லாந்தருக்கே திரும்பியது.

அந்த 1672ஆம் ஆண்டுக் கதையில் என்னை உறுத்துவது தூதர் லானரோலின் கதி. அப்போது மலைநாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியிருக்கிறார். வழக்கத்தை மீறிக் குதிரைமீதே அரண்மனையைக் கடந்து போனார் தூதர். பின்னர் மன்னனின் அழைப்புக்குக் காத்திருக்கப் பொறுமையின்றித் திரும்பிவிட்டார். மன்னன் அவரை அடிக்கச் செய்து விலங்கிட்டான். மொழி தெரியாததால் வந்த வினையன்று அது. வாசலில் நின்று வணங்கத் தெரியாததால் வந்தது. டி லானரோல் என்னும் குடும்பப் பெயர் இலங்கையில் இன்றும் வழங்குகிறது.

பாரிஸிலும் இந்த விடயத்தில் மன்னர்கள் அநேகர். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் பொருளைக் கேட்டால், கேட்டவர் மரியாதையற்றவர் ஆகிவிடுவார். ஆகவே அந்தத் தாயாருக்குப் 'போன்ஜூர்', 'சில் வூ ப்லே', 'மெர்சி' என்று மூன்றை எழுதிக் கொடுத்தேன். முதற்சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "பாண் பிறகுதானா, தம்பி?" என்றார்.

"பிறகுதான் அம்மா."