தேடுவதா, கண்டடைவதா?

1923-ல் கொடுத்த ஒரு நேர்காணலில் பிக்காசோ, ஓவியத்தில் தேடலுக்கு அர்த்தமில்லை, கண்டடைவதுதான் காரியம் என்ற பொருளில் பேசினார். அதே மனிதர் இன்று படைப்புவழி முனைவர் பட்டத்துக்கு, அதாவது எழுத்தோடு சேர்த்துப் படைப்பையும் ஆய்வாகக் கணக்கில் எடுக்கும் பட்டத்துக்கு, விண்ணப்பித்தால்? "கண்டடைஞ்சது இருக்கட்டும் சார், உங்க ஆய்வுக் கேள்வி என்ன?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதற்கு பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே பெரும்பாலான கலைப் பள்ளிகள் நெடுங்காலம் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இருந்தன. 1960-ல் வந்த கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை, பட்டத்துக்கு நிகரான டிப்ளமோவைப் பரிந்துரைத்தது. கலை வரலாற்றையும் அதில் கட்டாயமாக்கியது. பிறகு பல பள்ளிகள் பாலிடெக்னிக்குகளோடு இணைந்தன. நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரி இல்லை, பட்டப்படிப்பே நடத்தியவை. 1992-ல் அவை பல்கலைக்கழகங்களாயின. பல்கலைக்கழகம் என்றால் ஆய்வு வேண்டும். ஆய்வுக்கான அரசு நிதி, ஆய்வின் தர மதிப்பீட்டைப் பொறுத்தது. நேற்று வரை சிலை வடித்துக்கொண்டிருந்த ஆசிரியரிடம் திடீரென்று "இதுல ஆய்வு எங்கே?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

1993-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கலை பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தார். முதலாவது வரலாறும் கோட்பாடும். இரண்டாவதில் செய்துபார்ப்பதே முறை. செய்ததைப் பதிவுசெய்து விளக்குவார்கள். மூன்றாவதுதான் வம்பு: சிந்தனை மொத்தமும் படைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிக்காசோவின் அந்தப் பேச்சை ஃப்ரேலிங்கும் எடுத்துப் பேசுகிறார். இந்த மூன்றாவது வகையில் அவருக்கே தயக்கம் இருந்தது.

ஆய்வு முன்மொழிவு எழுத உட்காருகிறவர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். "பாட்டியின் பழைய சேலைகளை வைத்து நினைவைப் பற்றி ஓர் இன்ஸ்டலேஷன் செய்யப்போகிறேன்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான கண்காட்சி. ஆனால் அது ஆய்வுக் கேள்வி இல்லை. "கிழிசலைத் தைத்த கை எதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தது? அதே தையலை நானும் போட்டுப் பார்த்தால்தான் தெரியக்கூடியது எது?" இது கேள்வி.

எளிய சோதனை ஒன்று உண்டு. நூலகத்தில் உட்கார்ந்தே பதில் சொல்லிவிட முடியுமென்றால் அந்தக் கேள்விக்குப் படைப்பு தேவையில்லை. பதில் ஏற்கெனவே தெரியுமென்றால் ஆய்வே தேவையில்லை. இரண்டையும் தாண்டியது மிஞ்சினால், இதற்கு முன் யார் இதைத் தொட்டார்கள், நீங்கள் எப்படிச் செய்துபார்ப்பீர்கள், கடைசியில் எது படைப்பு, எது எழுத்து என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

நிதிக் கணக்கால் வலுப்பெற்ற கேள்விதான், மறுக்கவில்லை. ஆனாலும் நல்ல கேள்வி. வேலை நடக்க நடக்க அது மாறும், மாறட்டும். பதில் தெரிந்த மாதிரி மட்டும் நடிக்க வேண்டாம். பிக்காசோ சொன்ன கண்டடைதல் நடக்க, முன்மொழிவில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கணும்.