சாராவின் குரல், கார்ட்டரின் பெயர்

என் பீரோவில் ஒரு கேசட் இருக்கிறது. அதன் அட்டையில் நீல மையில், "நடவுப் பாட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம், 1994" என்று எழுதியிருக்கும். எழுதியவள் நான்தான். உள்ளே மூன்று பெண்களின் குரல் இருக்கிறது. அவர்கள் பெயர் அட்டையில் இல்லை.

அப்போது எம்.ஏ. ஆய்வேட்டுக்காக ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அங்கிருந்து கண்மாய்க்கரை வழியே வயலுக்கு நடை. கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் டேப் ரெக்கார்டரை வரப்பில் வைத்தேன். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்ற இருவரும் வாங்கிப் பாடினார்கள். நடுவில் ஒரு பிள்ளை அழுகிறது, பாட்டு நிற்கவில்லை. பெயர் கேட்டதற்கு மூத்தவர், "எம் பேரு எதுக்குத் தாயி? பாட்டு எல்லாத்துக்கும் பொதுதானே" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஆய்வேட்டில் பாடல்களுக்கு அடியில் ஊர் பெயரைப் போட்டேன். "சேகரித்தவர்" என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

அது தவறு என்று பல வருடம் எனக்கு உறைக்கவில்லை. அமெரிக்க 'கன்ட்ரி' இசையின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

கன்ட்ரி என்றதும் நமக்குத் தொப்பியும் குதிரையும் நினைவுக்கு வரும். அதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அப்பலாச்சியன் மலைப்பகுதி வீடுகளிலும் சர்ச்சுகளிலும் பாடிய பாட்டுதான் அது. டென்னசி, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் பிரிஸ்டல் என்ற ஊர் இருக்கிறது. 1927 ஜூலை கடைசியில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் அங்கே ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். தொப்பிக் கம்பெனி ஒன்றின் காலி மாடியில் தற்காலிக ஸ்டூடியோ போட்டார். ஆகஸ்ட் 1 அன்று ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் ஆகிய மூவரும் மலைக்கிராமத்திலிருந்து காரில் வந்து சேர்ந்தார்கள். சாராவுக்கு வயது 29. கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாததால் அதையும் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகளையும் அழைத்து வந்திருந்தார். மேபெலுக்கு வயது 18, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் அவருக்குக் குழந்தை பிறந்தது.

வரலாற்று நூல்கள் இதையெல்லாம் ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அப்படிப் போக முடியவில்லை. பால் கொடுக்கும் ஒருத்தியும் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் ஆகஸ்ட் வெக்கையில், பழைய கார் ஒன்றில், மலைப்பாதையில் வந்து பாடியிருக்கிறார்கள்.

அன்று நான்கு பாட்டு, மறுநாள் காலை இரண்டு. மறுநாள் ஏ.பி. வரவில்லை, பெண்கள் இருவர் மட்டுமே பாடினார்கள். அதில் ஒன்று, மணமாகாத பெண்ணையும் மணமானவளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் பாட்டு. ஒருத்தி நன்றாக உடுத்திக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போகிறாள். மற்றவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். சாராவுக்கு அந்தப் பாட்டைப் பாட விருப்பமில்லை. பியர் வற்புறுத்தியதால் பாடினார். நன்றாக விற்ற பாட்டுகளில் அதுவும் ஒன்று. ஏன் விருப்பமில்லை என்பதை அவருடைய அன்றாட வாழ்க்கையிலிருந்தே ஊகிக்கலாம். பாட்டுத் தேடி ஏ.பி. வாரக்கணக்கில் ஊர் சுற்றப் போய்விடுவார். விறகு, வயல், மூன்று பிள்ளைகள் எல்லாம் சாரா தலையில்.

எல்.பி. தட்டு 1948இல்தான் வந்தது. ஆகவே இன்று நாம் சொல்லும் 'முதல் ஆல்பம்' அன்று கிடையாது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகள்தான். இந்த ஆறு பாட்டுகளில் முதல் தட்டு அந்த ஆண்டு நவம்பரில் கடைக்கு வந்தது. கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று இவர்களைக் கொண்டாடுகிறார்கள். 1970இல் அந்த இசைக்கான புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் குழுவும் இவர்கள்தான். முன்னணிக் குரல் சாராவுடையது. கட்டைவிரலால் கீழ்த்தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரலால் தாளம் தட்டும் கிட்டார் முறை மேபெலுடையது. இன்றுவரை கிட்டார் கற்பவர்கள் அதைப் பழகுகிறார்கள். ஏ.பி. நினைத்தபோது சேர்ந்து பாடுவார்.

ஆனால் இயற்றியவர் என்ற இடத்தில் ஏ.பி. கார்ட்டர் என்றே இருந்தது. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பியர் விக்டரிடம் சம்பளம் வாங்கவில்லை; பாடல்களின் பதிப்புரிமைதான் அவர் வருமானம். யாருடையதும் அல்லாத பாட்டால் அவருக்குப் பயனில்லை. கொஞ்சம் மாற்றி, ஒருவர் பெயரில் பதிவு செய்துவிட்டால் அது சொத்தாகிவிடும். பாடியவர்களுக்குப் பாட்டுக்கு 50 டாலர். மலையில் அது பெரிய காசு. பட்டா மட்டும் வேறு பெயரில்.

சாராவும் மேபெலும் மட்டுமல்ல, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞரும் இந்தக் கணக்கில் விடுபட்டவர். பாட்டுத் தேடிப் போகும்போது ஏ.பி. அவரையும் கூட்டிக்கொண்டு போவார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை நினைவில் கொண்டுவருவார். தட்டில் அவர் பெயர் கிடையாது. இதைப் படித்தபோது என் கேசட் நினைவுக்கு வந்தது. வயலில் குனிந்து நின்ற அந்த மூவரும் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். வரப்பில் உட்கார்ந்து கேட்ட நான் எந்தத் தெரு என்பது அவர்களுக்கும் தெரியும். "எம் பேரு எதுக்கு" என்ற கேள்வியில் பெருந்தன்மை மட்டும்தான் இருந்தது என்று இன்று நான் நம்பவில்லை.

இத்தனைக்கும் நான் போன ஊர் ஆண்டாளின் ஊர். திருப்பாவையின் முப்பதாவது பாசுரத்தில் அவள் தன் பெயரைத் தானே வைத்துப் பாடியிருக்கிறாள். நாச்சியார் திருமொழியிலும் பதிகந்தோறும் முத்திரை உண்டு. அப்பாவின் பெயரோடு சேர்த்துத்தான் என்றாலும், தன் பெயரை விட்டுவிடவில்லை. அப்படியிருந்தும் ஆண்டாள் என்று ஒருத்தி இல்லை, அது பெரியாழ்வாரின் கற்பனை என்று ராஜாஜி கருதினார். கையெழுத்துப் போட்டாலும் சாட்சி கேட்பார்கள் போல.

1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் தட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாகும் ஜெர்மனியில் லேபிள் மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் கேட்கும்போது எனக்கு அது முத்திரையாகவே ஒலிக்கிறது. நம் பக்கத்துப் பெண்களும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகள் மதுரையும் தாய் சண்முகவடிவும். கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுமுடியும் தாய் பாலாம்பாளும். கிராமபோன் கம்பெனி வாசலுக்குத் தாயின் பெயரோடு போன பெண்கள் இவர்கள்.

வயலில் பாடியவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. நா. வானமாமலை 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' எனக்குப் பாடநூல் மாதிரி. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டின் அடியில் சேகரித்தவரும் ஊரும் இருக்கும் அளவுக்குப் பாடியவள் இல்லை. நான் கற்ற பழக்கம் அதுதான். விதிவிலக்காக உடனே நினைவுக்கு வருபவர் கொல்லங்குடி கருப்பாயி. வானொலியில் பாடியவரை 1985இல் 'ஆண் பாவம்' படத்துக்குக் கொண்டுவந்தார் பாண்டியராஜன். 1993இல் கலைமாமணி. அதே மாதிரிப் பாட்டை அதே மாதிரி வயலில் பாடியவர்களில் அவருக்குப் பெயர் இருக்கிறது. ஊரும் அவர் பெயரால் தெரிகிறது.

சாரா 1933இல் ஏ.பி.யை விட்டுப் பிரிந்தார். பிறகு விவாகரத்தும் ஆனது. ஆனாலும் 1943 வரை அதே மைக்கின் முன்னால் சேர்ந்து நின்று பாடினார். பிழைப்புக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயருக்கு அவர் குரல் தேவைப்பட்டது.

போன வருடம் அந்தக் கண்மாய்ப் பக்கம் போனேன். நான் உட்கார்ந்த வரப்பு இருந்த இடத்தில் பிளாட் கல் ஊன்றியிருக்கிறார்கள். டீக்கடையில் செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார். இரண்டாவது குரலைத் தெரியும் என்றார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு மகள் வேலைக்குப் போனதும், அவளோடு போய்விட்டாராம். "அந்தத் தறிச் சத்தத்துல எங்கிட்டுப் பாட?" என்றார். பெயர் கேட்டேன். மகள் பெயரைச் சொல்லி, அவளோட அம்மா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையே" என்றார்.

சத்திரப்பட்டி எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்று போகலாம் என்றிருக்கிறேன்.